ஒரு நகல் ஐயாவுக்கு

ஜொகூர் பாரு
10 மார்ச் 2024

அக்கா,

உன் கைப்பேசிக்கு அழைத்தால் ஒரு மணி அடித்து நின்றுவிடுகிறது. என் எண்ணை நீ தடுத்து வைத்திருக்கிறாய் என்பது புரிய எனக்கு மூன்று நாள் ஆனது. காளிதாஸ் மாமாவிடம் கேட்டேன். "ஆமாம்மா, பிளாக் பண்ணிட்டா. புருஷன்னுகூடப் பாக்காம என் போனையும் செக் பண்றா. லெட்டர் போடு. லெட்டர பிளாக் பண்ண முடியாதுல்ல" என்றார்.

இப்போது நீ தடுக்காவிட்டாலும் நான் அழைக்க முடியாது. பிப்ரவரி 27-ஆம் தேதி தொழிலாளர் இலாகா அதிகாரிகள் உங்கள் தொழிற்சாலை ஹாஸ்டலுக்கு வந்தார்கள். உன் அலமாரியிலிருந்த இருபத்து மூன்று வெளிநாட்டுப் பெண்களின் பாஸ்போர்ட்டுகளை எடுத்து அவரவரிடம் கொடுத்தார்கள். அந்த இலாகாவுக்காக வழக்காடும் அரசு வழக்கறிஞர்களில் நானும் ஒருத்தி. ஆனால் இந்தக் கோப்பு என்னிடம் இல்லை. அதில் உன் முகவரியைப் பார்த்த அன்றே, 'ஹாஸ்டல் பொறுப்பாளர் என் அக்கா' என்று எழுதிக் கொடுத்து விலகிவிட்டேன். எங்கள் பிரிவுத் தலைவர் ஸ்டானிஸ்லாஸ் ஐயா கோப்பைத் தன் அறையில் வைத்துப் பூட்டிக்கொண்டார்.

வியாழக்கிழமை அவர் என்னைக் கூப்பிட்டார். நீ சாட்சியாக வரலாம், குற்றம் சாட்டப்பட்டவளாகவும் வரலாம். அதனால் வழக்கு முடியும்வரை நாம் சந்திக்கக் கூடாது, போனில் பேசக் கூடாது என்றார். என் முகத்தைப் பார்த்திருப்பார். "எழுதலாம். போறது, வர்றது எல்லாத்துக்கும் ஒரு காப்பி எனக்கு வரணும். கேஸைப் பத்தி எதுவும் வேணாம். உனக்கும் அதுதான் பாதுகாப்பு, உங்க அக்காவுக்கும் அதுதான்" என்றார். ஆகவே இந்தக் கடிதத்தை உனக்கு முன்னால் அவர் படிப்பார்.

அதிகாரிகள் வந்த அன்று மாலை நீ அழைத்துக் கேட்டாய்: "நீதான் சொன்னியா? ஆமாவா, இல்லையா?" நான் பதில் சொல்லவில்லை. இப்போதும் சொல்ல முடியாது. புகார் எங்கிருந்து வந்தது என்பதைப் பற்றி எங்கள் இலாகாவில் யாரும் ஆமாம் என்றும் சொல்வதில்லை, இல்லை என்றும் சொல்வதில்லை. உன்னிடம்கூட.

ஒன்று மட்டும் எழுத அனுமதி உண்டு. சட்ட உதவி மையத்துக்குப் போய், உனக்கென்று ஒரு வழக்கறிஞரைப் பார்.

சென்ற வெள்ளிக்கிழமை எங்கள் வார விடுமுறை. உன்னிடம் வரும் பழக்கத்தில் லார்க்கின் பேருந்து நிலையம்வரை போய்விட்டேன். பத்து பாகாட் பேருந்துக்கு ஆள் கூப்பிடுகிறவர், "ஏறலையா, அடேக்?" என்று தங்கச்சியைக் கேட்பதுபோல் கேட்டார். அவருக்கு என் முகம் தெரிந்துவிட்டது. தலையாட்டிவிட்டுத் திரும்பி வந்தேன்.

யோகி


பத்து பாகாட்
2 ஏப்ரல் 2024

யோகேஸ்வரி,

முதலில் உன் ஐயாவுக்கு வணக்கம். ஐயா, நான் தேன்மொழி. தமிழ்ப்பள்ளி ஆறு வருடம், அதற்குப் பிறகு மூன்றாம் படிவம்வரை படித்தேன். எழுத்துப் பிழை இருந்தால் மன்னிக்கவும். கெட்ட வார்த்தை எழுத மாட்டேன், மனதில் நினைத்துக்கொள்வேன்.

இப்போது உனக்கு. கேஸைப் பற்றி எழுதக் கூடாதாம். தீபாவளியைப் பற்றி எழுதலாம் இல்லையா? போன தீபாவளிக்கு வந்து என் அறையில் உட்கார்ந்து சாப்பிட்டாய். நான் அலமாரியைத் திறந்து காட்டினேன். ஃபேக்டரியில் வெட்டிப் போடும் துணியில் நான் தைத்த பைகள். ஒவ்வொருத்திக்கும் என்ன நிறம் பிடிக்கும் என்று கேட்டுத் தைத்து, நூலால் பெயர் போட்டேன். அதற்கு முன் ஒருத்தி பாஸ்போர்ட்டைத் துணியோடு துணியாகத் துவைத்துவிட்டு இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தாள். அதற்காகத்தான் பை. என் தையலைப் பார்க்கட்டும் என்று உனக்குக் காட்டினேன். வெளியாள் வேறு யாருக்கும் காட்டவில்லை. மூன்று மாதத்தில் ஜீப் வந்தது.

அவர்கள் வருவதற்கு முந்தின சனிக்கிழமை நீ போன் செய்தாய். நெத்திலி சம்பலுக்கு எவ்வளவு புளி என்று கேட்டாய். உன் கடிதத்தைப் படித்த பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவர்கள் வரப்போவது அன்றைக்கே உனக்குத் தெரியும். தெரிந்துகொண்டு புளி கேட்டிருக்கிறாய். நானும் மடச்சி மாதிரி, "வெங்காயத்த நல்லா வதக்குடி, அவசரப்படாத" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

உனக்கு முறுக்குத் தட்டு கொண்டுவந்தாளே பிமலா, நேப்பாளத்துப் பெண், அவள்தான் இப்போது எனக்குத் துணை. ஜனவரியில் அவள் அம்மா ஊரில் இறந்துபோனாள். அந்தத் துக்கத்தோடு இருப்பவள், நான் அழுதால் பக்கத்தில் வந்து உட்காருகிறாள். "தீதி, மாக்கான் லா" என்று தட்டை நீட்டுகிறாள். தீதி என்றால் அவர்கள் பாஷையில் அக்கா. கூடப் பிறந்தவள் ஏர்கோன் குளிரில் உட்கார்ந்து ஆமாமும் இல்லை, இல்லையும் இல்லை என்று எழுதுகிறாள். எங்கிருந்தோ வந்தவள் எனக்குச் சோறு போடுகிறாள்.

உனக்குப் பட்டம் கொடுத்த அன்று மண்டபத்தில், பக்கத்திலிருந்த மலாய்க்கார அம்மாவிடம் "என் தங்கச்சி லாயர்" என்று நாலு தடவை சொன்னேன். நாலாவது தடவை அந்த அம்மா எழுந்து வேறு நாற்காலிக்குப் போய்விட்டார். அன்றைக்கு வராத வெட்கம் இப்போது வருகிறது.

இனி எழுதாதே.

தேன்மொழி


ஜொகூர் பாரு
21 ஏப்ரல் 2024

அக்கா,

எழுதாதே என்று எழுதியிருந்தாய். எனக்கு எழுதாமல் இருக்கத் தெரியவில்லை. பேசத்தான் தெரியாது.

நான் அறைக்குள் நுழைந்தால் பேச்சு நின்றுவிடுகிறது. உன் வழக்கைப் பற்றி நான் எதுவும் கேட்டுவிடக் கூடாது என்று எல்லாரும் கவனமாக இருக்கிறார்கள். சமந்தா என்று கோப்புகளைப் பார்க்கும் கிராணி ஒருத்தி, என் வயதுக்காரி. "நீங்க வந்தா ஃபைலெல்லாம் தானா மூடிக்குது யோகி, பேய்ப்படம் மாதிரி" என்று கிண்டல் செய்தாள். மற்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, தேநீரை எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்குப் போய்விட்டேன்.

சென்ற வாரம் என் வழக்கு ஒன்று நடந்தது. ஒரு மரச்சாமான் தொழிற்சாலையில் பதினொரு மாதம் வார ஓய்வு நாளே கொடுக்காமல் வேலை வாங்கியிருக்கிறார்கள். எழுந்து நின்றால் இப்போதும் எனக்குத் தொண்டை அடைக்கிறது. நீதிபதி இரண்டு முறை, "குவாட் சிக்கிட், புவான்" என்றார். சத்தமாகப் பேசச் சொல்கிறார். சாட்சி சொன்ன சமையல்காரப் பெண்ணுக்கு உன் வயது இருக்கும். பதில் சொல்வதற்கு முன் ஒவ்வொரு முறையும் உள்ளங்கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டார். ஏன் லீவு கேட்கவில்லை என்று கேட்டேன். "நீ இல்லன்னா இங்க யாரு பாப்பான்னு மொதலாளியம்மா சொல்லுவாங்க. அதக் கேக்கச் சந்தோஷமா இருக்கும்" என்றார். அடுத்த கேள்வி என் தாளில் இருந்தது. அதை விரலால் தேடிப் பிடித்துத்தான் கேட்டேன்.

இதுவரை எழுதியதைக் காட்டியபோது இந்தப் பத்தியை ஸ்டானிஸ்லாஸ் ஐயா இரண்டு முறை படித்தார். அடித்துவிடச் சொல்லவில்லை.

என் கைப்பேசியில் உன் குரல் ஒன்று மிச்சமிருக்கிறது. போன வருடம் அனுப்பியது. "யோகி, வரும்போது கறிவேப்பில வாங்கிட்டு வா, இங்க வாடிப்போனதுதான் கெடைக்குது." அவ்வளவுதான், ஏழு விநாடி. வேலை முடிந்து அறைக்கு வந்து செருப்பைக் கழற்றியதும் அதைப் போட்டுக் கேட்கிறேன். சில நாள் சந்தையில் கறிவேப்பிலையும் வாங்கிவிடுகிறேன்.

யோகி


பத்து பாகாட்
15 ஜூன் 2024

யோகி,

எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன்.

ஃபேக்டரியில் என் தலையில் கட்டுகிறார்கள். 'எல்லாம் ஹாஸ்டல் பொறுப்பாளரின் சொந்த வேலை, கம்பெனிக்கு எதுவும் தெரியாது' என்று அவர்களுடைய வக்கீல் எழுதிக் கொடுத்திருக்கிறாராம். ஐயா, இந்த இடத்தைக் கறுப்பு மையால் அடிப்பதென்றால் அடியுங்கள். என் தங்கச்சி படித்த பிறகு அடியுங்கள்.

பதினாலு வருடம் அங்கே இருந்தேன். எனக்குக் காய்ச்சல் என்றால் மேனேஜரே பழம் வாங்கிக்கொண்டு வருவார். இப்போது என்னைப் பார்த்தால் போனைக் காதில் வைத்துக்கொண்டு நடக்கிறார். போனில் யாரும் இல்லை. எனக்குத் தெரியும்.

மாமா, "உண்மையச் சொல்லு, அவ்ளோதான்" என்கிறார். அவருக்கு எல்லாமே அவ்ளோதான். உண்மையைச் சொன்னால் என்னையும் சேர்த்துப் பிடிப்பார்களா? சொல்லாவிட்டால் பிடிப்பார்களா?

நீ லாயர். எனக்கு ஒரே ஒரு வரி எழுது. நான் என்ன சொல்ல வேண்டும்? உன்மேல் இருக்கும் கோபம் அப்படியேதான் இருக்கிறது, குறையவில்லை. ஆனால் எனக்கு வேறு லாயர் தங்கச்சி இல்லை.

அக்கா


ஜொகூர் பாரு
24 ஜூன் 2024

அக்கா,

கடைசியில் 'அக்கா' என்று கையெழுத்துப் போட்டிருந்தாய். அதற்குப் பதிலாக இப்படி ஒரு கடிதம் எழுத வேண்டியிருக்கிறது.

நீ கேட்ட ஒரு வரியை என்னால் எழுத முடியாது. உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு ஐயாவிடம் போனேன். என் வாழ்க்கையில் முதல்முறையாக மேலதிகாரி ஒருவரிடம் குரலை உயர்த்தினேன் என்று நினைக்கிறேன். அவருக்கு அது உயர்ந்ததாகத் தெரிந்திருக்காது. அவர் என்னை உட்காரச் சொன்னார். "நீ ஒரு வார்த்த சொல்லிட்டா, நாளைக்கு அவங்க சொல்ற உண்மைகூடத் தங்கச்சி சொல்லிக்குடுத்ததுன்னு ஆயிடும். அப்புறம் அத யாரு நம்புவா?" என்றார். அவர் சொன்னது சரி. சரி என்று தெரிவதால் ஒன்றும் லேசாகிவிடவில்லை.

சட்ட உதவி மையத்துக்குப் போ. மாமா வரட்டும் என்று காத்திருக்காதே, இந்த வாரமே போ. என்னிடம் கேட்டதையெல்லாம் அவர்களிடம் கேள். அவர்கள் பதில் சொல்லலாம்.

எனக்குப் பரீட்சைப் பயம் வந்தபோதெல்லாம் நீ பக்கத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருப்பாய். ஒன்றும் சொல்ல மாட்டாய். எனக்கு அது போதும். இப்போது உனக்குப் பயம். நான் நூற்று முப்பது கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்து, எதை எழுதக் கூடாது என்று யோசித்து யோசித்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.

யோகி


ஜொகூர் பாரு
31 அக்டோபர் 2024

அக்கா,

செப்டம்பரில் நான் எழுதியது, உறைமேல் 'வீடு மாறிவிட்டார்' என்று மலாயில் எழுதித் திரும்பி வந்தது. இதை மாமா வேன் நிறுத்தும் சாப்பாட்டுக் கடைக்கு அனுப்புகிறேன். கடைக்காரர் அய்யாவு அண்ணன் கொடுத்துவிடுவார் என்று நம்புகிறேன்.

நீ அக்டோபர் 8-ஆம் தேதி சாட்சி சொன்னாய் என்று தெரியும். என்ன சொன்னாய் என்று தெரியாது. மறுநாள் ஐயா என் மேசைப் பக்கம் வந்தார். எதையோ தேடுவதுபோல் நின்றார். "உங்க அக்கா கடைசிவரைக்கும் தண்ணி குடிக்கவே இல்ல" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

இன்று தீபாவளி. தலைக்கு நானே எண்ணெய் வைத்துக்கொண்டேன். காதுக்குப் பின்னால் நீ சுள்ளென்று தேய்ப்பாயே, அந்த இடத்தில் நானும் தேய்த்துப் பார்த்தேன். வலிக்கவில்லை. மதியம் சமந்தா கூட்டிப்போனாள். அவர்கள் கத்தோலிக்கர்கள். எனக்காகவே முறுக்கும் அதிரசமும் வாங்கி வைத்திருந்தார்கள். "இன்னொண்ணு எடுத்துக்கம்மா, வெக்கப்படாத" என்று அவள் அம்மா சொல்லிக்கொண்டே இருந்தார். எடுத்துக்கொண்டேன். உன் கையால் பொரித்ததைவிட நன்றாகவே இருந்தது. நீ கோபத்தில் ஏதாவது எழுதுவாய் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

எழுது அக்கா. திட்டியாவது எழுது.

யோகி


சிம்பாங் ரெங்கம்
9 டிசம்பர் 2024

யோகி,

கடையில் வாங்கிய அதிரசம் என் அதிரசத்தைவிட நன்றாக இருந்ததாமே. இருக்கட்டும், வை.

இங்கே வந்துவிட்டோம். வேலை போனது, அதோடு ஃபேக்டரி வீடும் போனது. ராஜம்மா என்கிறவர் வைத்திருக்கும் தையல் கடையில் சேர்ந்திருக்கிறேன். பள்ளிச் சீருடை, மலாய்ப் பெண்கள் போடும் பாஜு கூரோங். அவர் என்னைவிட அதிகம் பேசுகிறார். "இப்பதான் உனக்கு ஏத்த ஜோடி கெடச்சிருக்கு" என்கிறார் மாமா.

கம்பெனி போன மாதம் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டது. என்மேல் வழக்கு இல்லை என்று கடிதம் வந்தது. இனி நகல் வேண்டாமாம். ஐயாவுக்கு வணக்கம் சொல். கூண்டில் என்னை மரியாதையாகத்தான் கேட்டார்.

நான் என்ன சொன்னேன் என்று உனக்குத் தெரிய வேண்டும். ஃபேக்டரி வக்கீல், "பாஸ்போர்ட்ட வாங்கி வைக்கச் சொல்லி யாராச்சும் எழுதிக் குடுத்தாங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்ப நீங்களாத்தான் செஞ்சீங்க" என்றார். "மேனேஜர் சாவியக் கையில குடுத்து, நீங்க அவங்களுக்கு அம்மா மாதிரி, நீங்களே வச்சுப் பாத்துக்குங்கன்னாரு. எழுதிக் குடுத்திருந்தா நான் யோசிச்சிருப்பேன். அம்மா மாதிரின்னதும் யோசிக்கல" என்றேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். மேசைமேல் என் பைகள் கிடந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு நம்பர் சீட்டு. பிமலாவுடையது மஞ்சள். யாரும் கேட்காமலே என் வாய் சொல்லிவிட்டது. "போன டிசம்பர்ல ஒரு பொண்ணு, அம்மாவுக்கு முடியல, ஊருக்குப் போகணும், பாஸ்போர்ட் குடுங்கன்னு கேட்டா. ஆபீஸ்ல கேளுன்னு அனுப்பினேன். ஆபீஸ்ல, ஆர்டர் முடியட்டும்னாங்க. சாவி என் கழுத்துலதான் கெடந்துச்சு. நான் குடுக்கல. அவ அம்மா செத்துப்போயிட்டாங்க." மொழிபெயர்ப்பாளர் அதையும் மலாயில் சொன்னார்.

போன வாரம் பிமலா ஒப்பந்தம் முடிந்து ஊருக்குப் போனாள். போவதற்கு முன்னால் பஸ் ஏறி இங்கே வந்தாள். உட்காரு என்றேன், உட்காரவில்லை. "தீதி, சாயா யாங் ரிப்போர்ட்" என்றாள். புகார் கொடுத்தது தான்தான் என்றாள். பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜொகூர் பாருவரை வந்து உங்கள் கவுண்டரில் எழுதிக் கொடுத்தாளாம். வெளியே வரும்போது நீ அவளைப் பார்த்தாயாம். ஒன்றும் கேட்காமல் ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்தாயாம்.

பத்து மாதம் உன்னைத் திட்டினேன். இல்லை என்று ஒரு வார்த்தை நீ சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று பிமலா போன பிறகு யோசித்துப் பார்த்தேன். இல்லை என்று நீ சொல்லியிருந்தால் இருபத்து மூன்று பேரில் யார் என்று நான் தேடியிருப்பேன். கண்டுபிடித்திருப்பேன். அப்போது நான் இருந்த நிலையில் மேனேஜரிடமும் சொல்லியிருப்பேன்.

இதைப் பேசினால் அழுதுவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன். கடிதம் உன் கைக்கு வந்திருக்கும் என்று பார்த்து உன்னைக் கூப்பிடுகிறேன். உன்னைப் போல் ஒருத்தி நம் வீட்டில் பிறந்ததற்கு நான் அந்த மலாய்க்கார அம்மாவிடம் பத்துத் தடவை சொல்லியிருக்க வேண்டும்.

அக்கா


ஜொகூர் பாரு
16 டிசம்பர் 2024

அக்கா,

நேற்று மூன்று முறை அழைத்தாய். பத்து மாதமாக அந்தப் பெயர் திரையில் வராதா என்று பார்த்துக்கொண்டிருந்தவள், வந்தபோது எடுக்கவில்லை. கைப்பேசி அதிர்ந்து அதிர்ந்து மேசை ஓரத்துக்கு நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இதைப் படித்த பிறகும் அழைத்தால் எடுப்பேன்.

என்னை நல்லவள் என்று நினைத்துவிட்டாய். அப்படியே விட்டுவிடலாம் என்று இரண்டு நாள் ஆசையாக இருந்தது. விட்டால் இந்த வெள்ளிக்கிழமையே பேருந்து ஏறிவிடலாம்.

புகார் கொடுத்தது நான் இல்லை. ஆனால் தீபாவளியன்று நீ அலமாரியைத் திறந்தபோது, அந்தப் பைகளுக்குள் என்ன இருக்கிறது, அது ஏன் தப்பு என்று அந்த நிமிடமே எனக்குத் தெரியும். தொழிலாளியின் கடப்பிதழ் தொழிலாளியிடம்தான் இருக்க வேண்டும் என்று வாரத்துக்கு ஒரு முறையாவது யாருக்காவது சொல்லிக்கொண்டிருக்கிறேன். உன்னிடம் சொல்ல வாய் வரவில்லை. நீ ஒவ்வொரு பெயராகத் தொட்டுக் காட்டிக்கொண்டிருந்தாய். "அழகா இருக்குக்கா" என்றேன்.

அடுத்த முறை சொல்லலாம் என்று நினைத்தேன். ஜனவரி முடிவதற்குள் ஐந்து முறை வந்தேன். ஒவ்வொரு முறையும் பேருந்தில் மனப்பாடம் செய்துகொண்டு வந்து, சாப்பிட்டுவிட்டுத் திரும்பினேன். அதற்கு நடுவில்தான் பிமலா உன்னிடம் கேட்டிருக்கிறாள். தீபாவளியன்று நான் ஒரு வார்த்தை பேசியிருந்தால், அவள் தன் அம்மாவை உயிரோடு பார்த்திருப்பாள். நான் சொல்லாததை அவள் பேருந்து ஏறி வந்து சொல்ல வேண்டியதாயிற்று; நான் வாங்கிக் கொடுத்த தண்ணீர் அதற்குத்தான். அவளுக்கு அது தெரியாது. உனக்கும் தெரியக் கூடாது என்று இருந்தேன்.

யோகி


சிம்பாங் ரெங்கம்
27 டிசம்பர் 2024

யோகி,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஐந்து நாள் ஒன்றும் எழுதவில்லை. ராஜம்மா, "ஏன்டி, ஊமையாயிட்டியா?" என்று கேட்டார்.

நீ "அழகா இருக்குக்கா" என்றபோது உன் முகம் போன போக்கு எனக்குத் தெரியாதா? உன்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் நான். ஏதோ சொல்ல வந்து முழுங்கினாய். என்னடி என்று நான் கேட்டிருக்கலாம். கேட்டால் சொல்லிவிடுவாய். சொல்லிவிட்டால் நான் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதனால் உன் தட்டில் இன்னொரு அதிரசம் வைத்தேன். அன்றைக்குப் பிறகு நீ வந்தபோதெல்லாம் அப்படித்தான் செய்தேன். ஜீப் வந்ததும் நீதான் என்று அவ்வளவு உறுதியாக எனக்கு எப்படித் தோன்றியது என்று நினைக்கிறாய்?

கோர்ட்டில் நான் சொன்னதை பிமலா கேட்கவில்லை. அன்று அவள் வேலையில் இருந்தாள். இங்கே வந்த அன்று அவள் பேசினாள். நான் மன்னிப்புகூடக் கேட்கவில்லை. ஊர் நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள். தினமும் எடுத்துப் பார்க்கிறேன். இன்னும் கூப்பிடவில்லை.

ஜனவரியிலிருந்து ஜொகூரில் உங்களுக்கெல்லாம் சனி, ஞாயிறு லீவாமே. எனக்கும் ஞாயிறுதான் கடை லீவு. ஐந்தாம் தேதி முதல் பஸ்ஸில் வா. மாமா வேனோடு வந்து நிற்பார்.

வந்ததும் பிமலாவைக் கூப்பிடுகிறோம். முதலில் நீ பேசு. தொண்டை அடைக்கிறது, நாளைக்குப் பேசுகிறேன் என்றெல்லாம் என்னிடம் நடக்காது. நீ முடித்ததும் போனை என்னிடம் கொடு, நான் பேசுகிறேன். அவள் திட்டினால் இரண்டு பேரும் கேட்டுக்கொள்வோம். வைத்துவிட்டால் மறுபடி கூப்பிடுவோம்.

அதெல்லாம் முடிந்த பிறகுதான் சோறு.

அக்கா